அமீபா வளர்ப்புப் பெட்டி: மூடியில்தான் கோளாறு

டிக்டியோஸ்டீலியம் என்ற மண் அமீபாவின் வித்துகளும், அதற்குத் தீனியாகப் பாக்டீரியா தடவிய தட்டும் வரும் பெட்டி இது. முதல் தட்டு மூடியில் நீர் கோர்த்து வீணானது. கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அடுத்ததைக் கவிழ்த்து வைத்தேன், சரியாக வந்தது.

தீனி தீர்ந்ததும் அமீபாக்கள் ஓடைகளாக நடுவை நோக்கி நகர்ந்தன. மறுநாள் லென்ஸில் பார்த்தால், சில மில்லிமீட்டர்கூட நீளமில்லாத ஒரு புழு, விளக்குப் பக்கமாக ஊர்ந்துகொண்டிருக்கிறது! நம் உடலைப் போல ஒரே செல் பிளந்து பெருகியதல்ல. தனியாக அலைந்தவை நடந்து வந்து கூடிய உடல். அதனால் உறவில்லாத செல்லும் உள்ளே நுழையலாம். கடைசியில் இந்தப் புழு நிமிர்ந்து, வித்துகளைத் தாங்கும் காம்பாக எழும்: செல்களில் சுமார் 20 சதவீதம் காம்பாகிச் சாகும், மற்றவை வித்தாகும். காம்பு வேலையிலிருந்து நழுவும் ஏமாற்றுக்காரர்களும் உண்டு. (எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் நேரம் ஞாபகம் வந்தது.)

கூடவே தரும் லென்ஸ் சுமார்தான்.