“போர்டு போயிட்டு அண்ணாச்சி”: சிபியு-வைச் சுத்தம் செய்யக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யக் கடையில் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டு வந்ததும் படம் வரவில்லை என்றால், “மதர்போர்டு (எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கிற முக்கியப் பலகை) போயிட்டு” என்று சொன்னவுடனே பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். எனக்கு 5,500 ரூபாய் போனது. போர்டுக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை.

வள்ளியூர்ப் பக்கம் ஆனி, ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று, காற்றாலைகளைச் சுற்றிவிட்ட கையோடு செம்மண் புழுதியையும் வீட்டுக்குள் கொட்டிவிட்டுத்தான் போகும். நான் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் டிசைன் செய்து கொடுக்கிறவன். சிபியு பகல் முழுக்க ஓடும். புழுதி அடைத்து, சூடேறி, தானாக ஆஃப் ஆக ஆரம்பித்தது. திருநெல்வேலியில் ஒரு சர்வீஸ் கடையில் 400 ரூபாய்க்குச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

“எல்லாம் செக் பண்ணியாச்சு அண்ணாச்சி, தைரியமா கொண்டு போங்க” என்றார்கள். வீட்டில் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. திரும்பக் கொண்டு போனேன். உள் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனவர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வெளியே வந்து, “போர்டு போயிட்டு அண்ணாச்சி. புழுதி அடைச்சு ஷார்ட் ஆயிட்டு. வேற போர்டுதான் போடணும்” என்றார். ஆவணி முகூர்த்த ஆர்டர்கள் எல்லாம் வந்து நிற்கிற சமயம். சரி, போடுங்கள் என்றேன். பில் கேட்டதற்கு, “ஜிஎஸ்டி பில்லுன்னா இன்னும் கூடும்” என்று துண்டுச் சீட்டில் ‘போர்டு சேஞ்ச் 5,500’ என்று எழுதிக் கொடுத்தார்.

மெஷின் ஓடியது. ஆனால் பழைய டிசைன்கள் எல்லாம் இருக்கிற இரண்டாவது ஹார்டு டிஸ்க்கைக் காணோம். போன் போட்டால், “அது வயசான டிஸ்க்கு, செத்திருக்கும். டேட்டா எடுக்கணும்னா தனியா ஆகும்” என்று பதில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் சாப்பிட வந்திருந்தான். டிப்ளமோ படிக்கிறவன். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியவன், “மாமா, டிஸ்க் சாகல. கேபிளே மாட்டல” என்றான். டிஸ்க்கையும் போர்டையும் இணைக்கிற சிவப்பு சாட்டா கேபிள் ஒரு முனை போர்டில் இருக்க, மறு முனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டினான், டிஸ்க் வந்துவிட்டது. அப்புறம் போர்டைப் பார்த்து, “இது புதுசு மாதிரி இல்லையே” என்றான். என் பழைய போர்டை வாங்கியபோது வந்த டப்பா பரணில் கிடந்தது, அதை எடுத்து வந்தோம். டப்பாவில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரும் உள்ளே போர்டில் ஒட்டியிருந்த நம்பரும் ஒன்றேதான்!

அதோடு விடவில்லை. மறுபடி ப்ளக்கைப் பிடுங்கி, பிராசஸருக்கு (மெஷினின் மூளையான சிப்) பக்கத்தில் போகிற 8 பின் பவர் கேபிளைக் கழற்றிவிட்டு ஆன் செய்து காட்டினான். ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, நோ சிக்னல். முதலில் வீட்டில் பார்த்த அதே கோலம். சுத்தம் செய்யும்போது கழற்றியதைச் சரியாக அழுத்தாமல் விட்டிருக்கிறார்கள். அழுத்திவிட்டதற்குத்தான் எனக்கு 5,500.

இதை ஒரு தடவை நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பெரிய வித்தை இல்லை. முதல் வேலை ப்ளக்கைப் பிடுங்குவது. போர்டின் ஓரத்தில் 24 பின் உள்ள அகலமான பவர் கேபிள், பிராசஸர் பக்கம் 4 அல்லது 8 பின் கேபிள். இரண்டிலும் ஒரு கொக்கி இருக்கும், அது மாட்டும்வரை அழுத்த வேண்டும். 24 பின் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பாதியில் நின்றுவிடும். ரேம் என்கிற மெமரிப் பட்டையை லாக் விழும்வரை அழுத்த வேண்டும். ஹார்டு டிஸ்க்குக்கு டேட்டா கேபிள் ஒன்று, பவர் கேபிள் ஒன்று. எல் வடிவ வாய் என்பதால் திருப்பி மாட்ட முடியாது. பவர் பட்டனிலிருந்து வருகிற மெல்லிய ஒயர் விட்டுப்போனால் மெஷின் செத்த பிணமாகக் கிடக்கும், பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. அந்த ஒயரை எந்தப் பக்கம் மாட்டினாலும் வேலை செய்யும். பக்கத்தில் உள்ள எல்இடி ஒயருக்குத்தான் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டும். படம் காட்டுவதற்கென்று தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் கேபிளை அதில் மாட்டுங்கள், போர்டில் அல்ல. இத்தனையும் பார்த்த பிறகும் வரவில்லை என்றால் போர்டைச் சந்தேகப்படலாம்.

கடையில் கொடுப்பதற்கு முன் தகட்டைக் கழற்றி உள்ளே ஒரு போட்டோ, போர்டின் சீரியல் நம்பருக்கு ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். திரும்ப வாங்கும்போது அங்கேயே மானிட்டரில் மாட்டிப் பாருங்கள். எதையாவது மாற்றினால் பழையதைக் கையில் கேளுங்கள். “அதை ஸ்கிராப்ல போட்டாச்சு” என்றால் அங்கேயே நில்லுங்கள். பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும்; கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

டப்பாவோடும் துண்டுச் சீட்டோடும் போய் நின்றபோது கடைக்காரர் முதலில், “பையன் மாத்தி எழுதிட்டான்” என்றார். சீட்டு அவரே எழுதியது. வேறு வாடிக்கையாளர்கள் காது கொடுக்க ஆரம்பித்ததும் 3,000 ரூபாயை எண்ணி வைத்தார். மீதி 2,500 லேபர் சார்ஜாம். 1915-இல் பதிவு செய்துவிட்டேன். அந்தப் பணம் இன்னும் வரவில்லை.