வீட்டு பிளக்கா, பங்க் சார்ஜரா? டெல்டாவில் மின்காருக்கு உண்மையில் ஆகும் செலவு

‘யூனிட் 4 ரூபாய் 80 காசு, கிலோமீட்டருக்கு 70 காசுதான்’ என்று சொல்லித்தான் மின்காரை விற்கிறார்கள். இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை இருக்கிறது. காருக்கு ஏறும் கரண்ட் தனி மீட்டரில் ஓடுவதில்லை. ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் இழுத்தது போக, அதற்கு மேல்தான் காரின் யூனிட் ஏறுகிறது. ஆகவே காருக்கு நாம் கொடுப்பது கடைசிப் படியின் விலை.

2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.80, 500 வரை 6.45. 500ஐத் தாண்டினால் 2.35 என்ற சலுகைப் படியே கிடையாது. 101லிருந்து 400 வரை 4.80, 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65, 1000 வரை 10.70, அதற்கு மேல் 11.80.

டாடா நெக்ஸான், எம்ஜி விண்ட்சர் அளவுள்ள மின்கார் மாதம் 900 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். டேஷ்போர்டில் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் காட்டினால் ஈபி மீட்டரில் அது 6 தான்; பேட்டரிக்குள் போகும் வழியில் 10 முதல் 15 சதவீதம் சூடாகக் கரைந்துவிடும். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் கணக்கு வைக்கலாம்.

ஏற்கெனவே 200 யூனிட் ஓடும் சின்ன வீடு என்றால் பில் 235லிருந்து 1,840 ஆகும். காருக்கு மட்டும் 1,605, யூனிட் 5.35. வீட்டிலேயே 400 ஓடினால் 1,195 என்ற பில் 3,905 ஆகும். யூனிட் 9 ரூபாய். இரண்டு ஏசி ஓடும் 800 யூனிட் வீட்டில் 4,870 என்பது 8,190 ஆகும். யூனிட் 11 ரூபாயைத் தாண்டும். அதே கார், அதே தெரு, ஆனால் கிலோமீட்டருக்கு 90 காசிலிருந்து 1.85 வரை போகிறது.

500 யூனிட் எல்லையில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 500 யூனிட்டுக்கு பில் 1,840. 510 ஆனால் 2,170. அந்தப் பத்து யூனிட்டுக்கு 330 ரூபாய், அதாவது யூனிட் 33. கணக்கெடுக்க வரும் தேதி நெருங்கும்போது மீட்டரில் போன தடவை ரீடிங்கைக் கழித்துப் பாருங்கள். 490ஐ ஒட்டி நின்றால், கடைசி ஓரிரு நாள் மட்டும் பங்கில் சார்ஜ் போடுவதுதான் லாபம். வீட்டை விட வெளியே மலிவாக வரும் ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

இனி பொது சார்ஜர். சார்ஜர் நிறுவனத்தின் செயலியில் யூனிட் 18 ரூபாய் என்று காட்டினால் அதோடு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 21.24 ஆகும். 24 என்றால் 28.32. இங்கே பில் விழுவது கன் (காரில் செருகும் கைப்பிடி) வழியாக நேரே பேட்டரிக்குப் போகும் டிசி யூனிட்டுக்கு என்பதால், கரண்டை டிசியாக மாற்றும்போது ஏற்படும் இழப்பு நம் தலையில் இல்லை. வீட்டில் 300 எடுக்கும் வேலைக்கு இங்கே சுமார் 270 போதும். அப்படிப் பார்த்தாலும் 21.24 விலையில் 5,735 ரூபாய், கிலோமீட்டருக்கு 3.20. லிட்டர் 100 ரூபாய் பெட்ரோலில் 16 கிலோமீட்டர் கொடுக்கும் கார் 6.25 கேட்கும். பெட்ரோலில் பாதி, வீட்டு சார்ஜைப் போல் ஒன்றே முக்கால் முதல் மூன்றரை மடங்கு வரை.

விலையை விட நேரம்தான் அங்கே ஏமாற்றும். 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும் இரண்டு கன் சார்ஜரில் பக்கத்தில் இன்னொரு கார் வந்து செருகினால், பல இடங்களில் ஆளுக்கு 30 ஆகப் பிரிந்துவிடும். 45 யூனிட் (கிலோவாட்-அவர்) பிடிக்கும் பேட்டரியை 20லிருந்து 80 சதவீதத்துக்கு ஏற்ற 30 கிலோவாட்டில் ஒரு மணி நேரம் ஆகும். 80க்கு மேல் எந்த வேக சார்ஜரிலும் வேகம் படுத்துவிடும், அங்கே காத்திருப்பது வீண். கன்னைச் செருகியதும் ‘கனெக்ட் ஆகவில்லை’ என்று வந்தால் சார்ஜரைத் திட்டுவதற்கு முன், கேபிளின் கனத்தைக் கையில் தாங்கி, கன்னை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். கேபிள் கீழே இழுப்பதால் பூட்டு சரியாக விழாமல் போவது அடிக்கடி நடக்கும். ‘காலியாக உள்ளது’ என்று செயலி காட்டினாலும் பங்கில் கரண்ட் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர், திருச்சி 60ஐ ஒட்டி. டெல்டாவுக்குள் ஓடுபவருக்குப் பொது சார்ஜரே தேவைப்படாது. சென்னைப் பயணத்துக்குத்தான் அது.

வீட்டில் 15 ஆம்பியர் பிளக், காரோடு வரும் 3.3 கிலோவாட் சார்ஜர், இது போதும். இரவு பத்து மணி நேரத்தில் 30 யூனிட்டுக்கு மேல் ஏறும், அதாவது 180 கிலோமீட்டர். ஆனால் பணத்தை ஒயரிலும் எர்த்திலும் போடுங்கள். இங்கே பழைய வீடுகள் நீளவாக்கில் இருக்கும். மீட்டர் ரேழியில், கார் கொல்லைப்புறத் தெருவில். ஏற்கெனவே கிடக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயரை 25 மீட்டர் இழுத்து அதில் 15 ஆம்பியர் ஓடினால் 9 வோல்ட் வழியிலேயே போகும். சுவருக்குள் 130 வாட்டுக்கு மேல் சூடு, இரவு முழுக்க. மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானாக விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஏ டைப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). இதில் எதையும் குறைக்க வேண்டாம். சாக்கெட் மலிவானது என்றால் சில மாதத்தில் காட்டிக்கொடுக்கும்: பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு பின் மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றி பிளாஸ்டிக் இளகி மஞ்சளாகியிருக்கும். அந்தப் பின்னின் பிடி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். சாக்கெட்டை மாற்றுங்கள், டேப் சுற்றாதீர்கள்.

சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து ஏறவே மறுத்தால் பத்தில் ஒன்பது தடவை எர்த்தான். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2, 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆற்றோரக் களிமண் ஈரமாக இருக்கும்வரை நல்ல எர்த் கொடுக்கும். சித்திரையில் பாளம் பாளமாக வெடித்தால் எர்த் குழாயைச் சுற்றியே இடைவெளி விட்டுவிடும். எர்த் குழியைக் கொல்லையில் துவைக்கும் கல்லுக்கோ குழாயடிக்கோ பக்கத்தில் போட்டால் தண்ணீர் தானாகப் போய்ச் சேரும். நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்பு மண்ணில் ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சீக்கிரம் அரித்துவிடும். அங்கே செம்பு பூசிய கம்பி.

கோடையில் குறுவைக்கு போர் மோட்டார்கள் ஓடும் நேரத்தில், லைன் கடைசியில் இருக்கும் ஊர்களில் வோல்ட்டேஜ் இறங்கும். சார்ஜர் நின்று நின்று ஓடும். காரின் செட்டிங்கில் இரவு 11 மணிக்கு மேல் நேரம் வைத்துவிட்டால் தீர்ந்தது.

7.2 கிலோவாட் வால்பாக்ஸ், அதாவது சுவரில் மாட்டும் வேகமான சார்ஜர், டாக்ஸி ஓட்டுபவருக்கு மட்டும். 6 ஸ்கொயர் எம்எம் ஒயர், ஈபியில் அனுமதிக்கப்பட்ட லோடை உயர்த்துவது, மும்முனை இணைப்பு என்று செலவு இழுக்கும். யூனிட் விலை ஒரு காசு குறையாது. அந்தப் பணத்தை 3 கிலோவாட் சோலாரில் போடலாம். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வரும், காரின் 300 யூனிட்டும், சோலாரில் வருவதை பில்லில் கழிக்கும் நெட் மீட்டரில் கழிந்துவிடும்.

பம்ப்செட்டின் இலவச இணைப்பிலிருந்து காருக்கு ஒயர் இழுக்க வேண்டாம். மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி இரண்டு மடங்கு கட்டணம், ஓராண்டு வரைக்கும் பின்தேதியிட்டுப் போடலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் அன்று இரவே 100 சதவீதம் ஏற்றுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கத்தில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு நாளில் பங்க் சார்ஜரும் ஓடாது. ஏற்றி முடித்ததும் எம்சிபியை இறக்கி, சார்ஜரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். வெள்ளம் எட்டாதபடி சாக்கெட் முதலிலேயே இடுப்பளவுக்கு மேல் இருக்கட்டும்.