டர்போ மாற்றியதாக 46,000 ரூபாய் பில், உள்ளே இருந்தது பழைய டர்போ

சேலம், நாமக்கல் பக்கம் டீசல் கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். மூன்று வாரத்தில் 59,800 ரூபாய் கொடுத்துவிட்டு நிற்கிறேன். வண்டியில் இருந்த கோளாறு, ஒரு ரப்பர் ஹோஸில் விரல் நீளத்துக்கு ஒரு கிழிசல்.

ஆடி மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் கிளம்பினோம். 1.3 லிட்டர் டீசல் வண்டி. காரவள்ளி வரை ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவு வருவதற்குள் இழுவை சுத்தமாகப் போய்விட்டது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் இரண்டாவது கியரில் ஏறவில்லை, முதல் கியரில் ஆள் நடக்கிற வேகம்தான். பின்னால் கறும்புகை. அம்மா பேச்சே இல்லாமல் பேரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அகலமான இடம் பார்த்துத் திருப்பி இறங்கிவிட்டோம். சமதளத்துக்கு வந்ததும் வண்டி பழையபடி ஓடியது.

சேலத்தில் ஒரு பட்டறையில் காட்டினேன். கோளாறு எண்ணைக் காட்டும் ஸ்கேனரைப் போடவில்லை. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் போயிடுச்சு சார்" என்றார்கள். பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் எல்லாம் சேர்த்து 13,800. கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் சர்ரென்று ஏறும், வேகம் மட்டும் கூடாது. என் வண்டியில் முள்ளே ஏறவில்லை. அதை நானே அவர்களிடம் சொன்னேன், காதில் வாங்கவில்லை. ஏற்காடு மலைப்பாதையில் ஏற்றிப் பார்த்தேன். அதே திணறல்.

திரும்பப் போனதும் பானெட்டைத் திறந்து, இன்டர்கூலர் ஹோஸைச் சுற்றி (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அந்தக் காற்று போகும் ரப்பர் குழாய்) இருந்த எண்ணெய்ப் பிசுக்கை விரலால் தொட்டுக் காட்டினார்கள். "பாருங்க, டர்போ ஆயில் தள்ளுது. இப்படியே ஓட்டினா இன்ஜினே போயிடும்." அந்த ஒரு வார்த்தையில் பயந்துவிட்டேன். புது டர்போ, கூலியோடு 46,000. நான்கு நாள் கழித்து வண்டி வந்தது. பழைய டர்போவைக் கேட்டதற்கு, எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். பில்லில் "டர்போ" என்று மட்டும் இருந்தது, பார்ட் நம்பர் இல்லை. மறுபடி ஏற்காடு. மூன்றாவது வளைவிலேயே கறும்புகை. அடுத்து நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும் என்றபோதுதான் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

நாமக்கல்லில் லாரி வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் மச்சான் கூட்டிப்போனார். அவர் முதலில் கேட்டது, "மேடு ஏறுறப்ப ஸ்ஸுன்னு சத்தம் வருதுங்களா?" வந்தது. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருந்ததால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் ஸ்கேனரை மாட்டினார். பி0299 என்ற கோளாறு எண் வந்தது. டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் தேவையான அளவுக்கு வரவில்லை என்று அதற்கு அர்த்தம். டர்போ கெட்டிருந்தாலும் அந்த எண் வரும், வழியில் காற்று கசிந்தாலும் வரும். அதனால் காற்று போகும் பாதையை இரு பக்கமும் அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து கொஞ்சமாகக் காற்று விட்டு, பஞ்சர் பார்ப்பது போல் சோப்புத் தண்ணீர் ஊற்றினார். கிளாம்புக்குப் பக்கத்தில், ஹோஸின் அடிப்பக்கம் குபுகுபுவென்று நுரை வந்தது. காற்றை நிறுத்தியதும் கிழிசல் மூடிக்கொண்டது, கண்ணுக்கே தெரியவில்லை.

டர்போ தள்ளும் காற்றோடு கொஞ்சம் எண்ணெய் ஆவி வருவது சகஜம், கிழிசல் இருந்தால் அங்கே பிசுக்காகப் படியும் என்றார். சமதளத்தில் இன்ஜினுக்கு அவ்வளவு காற்று தேவையில்லை. மேட்டில்தான் டீசல் முழுக்க இறங்குகிறது, அதற்கேற்ற காற்று இல்லாமல் புகையாகப் போகிறது. சேலத்தில் எனக்குத் தொட்டுக் காட்டிய அதே பிசுக்குக்கு அடியில்தான் கிழிசல் இருந்தது. அன்றைக்கே ஹோஸைக் கழற்றித் திருப்பிப் பார்த்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

அதைவிட வயிறு எரிந்தது அடுத்ததில். டார்ச் அடித்து டர்போவைக் காட்டினார். டர்போவை இன்ஜினோடு பிடித்திருக்கும் மேனிஃபோல்ட் நட்டுகளில் பழைய துரு அப்படியே இருக்கிறது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. ஆயில் பைப் இணைப்பில் வருஷக்கணக்கான அழுக்கு. டர்போவை யாரும் தொடவே இல்லை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். புது ஹோஸ், கூலி சேர்த்து 2,800 ரூபாய். அன்று சாயங்காலமே காரவள்ளியிலிருந்து இரண்டாவது கியரில் ஏறினேன்.

உங்கள் வண்டி மேட்டில் மட்டும் திணறினால், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஹோஸ் மூன்றையும் பார்த்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். டீசல் ஃபில்டர் அடைத்தாலும் இப்படித்தான் இழுக்காது. ஸ்கேனரில் வந்த கோளாறு எண்ணைப் போட்டோ எடுங்கள். வேலையைக் கொடுக்கும்போதே பழைய சாமான் என் கைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், எக்ஸ்சேஞ்ச் என்றால் அனுப்பும் முன் உங்கள் கண்ணால் பாருங்கள். பார்ட் நம்பர் இல்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பட்டறைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விசாரணைக்குப் போகும் விஷயம் என்பதால் பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. கிழிந்த ஹோஸையும் பில்களையும் ஒரே பையில் கட்டி வைத்திருக்கிறேன்.