டெல்டா மைக் செட்: நாகஸ்வரத்தை உரைகல்லாக வைத்து ஒரு மதிப்பீடு

கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் வட்டாரத்தில் கல்யாணத்துக்கோ கோயில் விசேஷத்துக்கோ மைக் செட் கேட்டால் இன்றைக்கு மூன்று தினுசு கிடைக்கிறது. சக்கரம் வைத்த ட்ராலி ஸ்பீக்கர் ஒன்று. நாலு பாக்ஸ், இரண்டு ஆம்ப், ஒரு மிக்சர், கூடவே ஒரு ஆள் என்று குட்டி யானையில் வந்து இறங்கும் நடுத்தர செட் இன்னொன்று. இரும்புத் தூணில் ஏற்றி வரிசையாகத் தொங்கவிடும் லைன் அரே மூன்றாவது. சினிமாப் பாட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஈடுகொடுக்கிற செட்கூட நாகஸ்வரம், தவில் என்று வரும்போது பல்லிளித்துவிடும். காவிரிக்கரையில் மேளமில்லாமல் மங்கள காரியம் ஏது? அதனால் மூன்றையும் மேளத்தை வைத்தே உரைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

நாகஸ்வரம் நான்கு வீதியில் கேட்பதற்கென்றே பிறந்த வாத்தியம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில், ஆடுதுறை தாண்டி வருகிற நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பக்கத்துத் திருவாவடுதுறையின் டி.என். ராஜரத்தினம் பிள்ளை புழக்கத்துக்குக் கொண்டுவந்த பாரி நாயனம் பழைய திமிரி நாயனத்தைவிட நீளம், சுருதியும் இறக்கம். அப்படியும் அதன் நாதம் ஒரு பிராகாரத்தை நிறைக்கும். முந்நூறு பேர் உட்காரும் மண்டபத்தில் மேளத்துக்கு மைக்கே வேண்டாம். அறிவிப்புக்கு ஒரு மைக், மந்திரத்துக்கு ஒரு மைக், இரண்டு பாக்ஸ் போதும். டைல்ஸ் தரையும் தகரக் கூரையும் உள்ள மண்டபத்தில் மேளத்துக்கு நாலு மைக் வைத்தால், முன் வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார்கள். மேளக்காரர்கள் எதிரிலேயே அது நடக்கும். அந்த அவமரியாதைக்குச் செட் எடுத்தவர்தான் பொறுப்பு.

அதற்கு மேல் கூட்டம் என்றாலோ திறந்தவெளிப் பந்தல் என்றாலோ மைக் தேவை. இங்கேதான் வட்டாரத்துச் செட்டுகளில் முக்கால்வாசி தவறுகிறது. மைக்கை நாகஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணைசுக்குள் நுழைக்காத குறையாக, நாலு விரல் தூரத்தில் வைத்துவிடுகிறார்கள். சத்தமெல்லாம் அணைசு வழியாகத்தான் வருகிறது என்ற நினைப்பு. விரல் துளை ஏழும் மூடியிருக்கும் கீழ் ஸ்வரத்துக்குத்தான் அது பொருந்தும். மேலே போகப் போக, திறந்திருக்கும் துளைகளிலிருந்துதான் நாதம் வெளியே வருகிறது. அணைசில் மைக் வைத்தால் கீழ் ஸ்வரம் முட்டும், மேல் ஸ்தாயி ஒல்லியாகிக் கீச்சிடும், கமகம் துண்டு துண்டாகக் கேட்கும். மைக் ஒன்றரை முதல் இரண்டு அடி தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்த்து, வாசிப்பவரின் நெஞ்சு உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். வாசிப்பவர் வாத்தியத்தை உயர்த்துவார், திருப்புவார், சிஷ்யர் பக்கம் சாய்ப்பார். இரண்டடி தள்ளி வைத்தால் அந்த அசைவுக்கெல்லாம் ஒலி ஏறி இறங்காது. இரண்டு நாகஸ்வரம் என்றால் ஆளுக்கொரு மைக். நடுவில் ஒன்றை வைத்துச் சமாளித்தால் யார் சத்தமாக வாசிக்கிறாரோ அவர்தான் கேட்பார்.

தவிலில் தவறு வேறு மாதிரி. வலது பக்கமான வலந்தலை விரல் கூடு போட்டு வாசிப்பது, அதன் ஒலி கூர்மை. இடது பக்கமான தொப்பி பூவரசங்கழியால் அடிப்பது, அது தாழ்ந்து உருளும். ஒரே ஒரு மைக்கை வலந்தலை முன்னால் வைத்துவிட்டால் பந்தலில் 'டக டக' என்ற சொற்கள் மட்டும் கேட்கும். தொப்பியின் கும்காரம் காணாமல் போகும். இரண்டு பக்கமும் தனி மைக், ஓரடிக்குக் குறையாத தூரம், தொப்பி பக்கத்து மைக்குக்கு மிக்சரில் கெயின் (மைக் ஒலியை ஏற்றும் அளவு) சற்றுக் கூடுதல். இரண்டு மைக் கொடுக்க மனமில்லாத செட்காரர் என்றால், இருக்கிற ஒன்றைத் தவிலுக்கு எதிரே மூன்றடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள், இரண்டு தலையும் ஓரளவு சமமாக விழும். சுருதி பிடிக்கிற ஒத்துக்கு மைக் தேவையில்லை. சுருதிப்பெட்டி வைத்திருந்தால் அதற்கும் வேண்டாம்.

மைக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாச் செட்டிலும் 'ஷூர்' என்று எழுதிய மைக் இருக்கும். ஷூர் எஸ்எம் 58 என்பது 1966-ல் வந்த, குரலுக்கென்று செய்த மைக். மேளத்துக்கும் தைரியமாக வைக்கலாம். ஆனால் சந்தையில் போலி நிறைய. அசலின் எடை 298 கிராம். கையில் எடுத்தால் கனம் தெரியும். போலி லேசாக இருக்கும், சீக்கிரமே கூவ ஆரம்பிக்கும். கையில் பிடிக்கும் கார்ட்லெஸ் மைக் புரோகிதருக்கும் அறிவிப்பாளருக்கும் வசதி, மேளத்துக்கு ஆகாது. கார்ட்லெஸ் என்றால் பேட்டரியை முகூர்த்தத்துக்கு முன்னால் புதிதாக மாற்றச் சொல்லிவிடுங்கள். சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் மைக் ஊமையாவதற்குப் பெரும்பாலும் பழைய பேட்டரிதான் காரணம்.

மிக்சரில் உட்காரும் ஆளைப் பொறுத்துத்தான் செட்டின் தரமே. நல்ல ஆள் யார் என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சவுண்டு செக் செய்யும்போது அவர் மேளக்காரர்களிடம் என்ன வாசிக்கச் சொல்கிறார் என்று பாருங்கள். 'ஏதாவது கொஞ்சம் வாசிங்கண்ணே' என்று கேட்டு, மெல்லிய ஆலாபனையை வைத்துக் கெயினை ஏற்றுகிறவர் சிக்கலை விலைக்கு வாங்குகிறார். 'கெட்டிமேளம்' என்ற குரல் எழுந்ததும் எல்லா வாத்தியமும் ஒருசேர உச்சத்துக்குப் போகும்போது மிக்சரில் சிவப்பு விளக்கு எரியும், சத்தம் நசுங்கும், சமயத்தில் பாக்ஸில் கீச்சு ஒலியைத் தருகிற ட்வீட்டரே எரிந்துபோகும். 'ஒரு கெட்டிமேளம் கொட்டிக் காட்டுங்க' என்று கேட்டு, அந்த உச்சத்தில் சிவப்பு எரியாதபடி கெயினை வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் அதற்குக் கீழே அமைக்கிறவர்தான் தொழில் தெரிந்தவர்.

மிச்ச அமைப்பு சுலபம். நாகஸ்வர மைக்கில் லோ கட்டைப் போட்டு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டலாம், அங்கே காற்றிரைச்சலும் மேடை அதிர்வும்தான் இருக்கிறது. 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியை மூன்று நாலு டெசிபெல் இறக்கினால் காதைக் குத்துவது நிற்கும். தவிலுக்கு லோ கட் வேண்டாம். எக்கோவை முழுதாக அணைத்துவிட வேண்டும். 'மணமக்களை வருக வருக' என்று அறிவிப்பதற்காகத் திருப்பிவைத்த எக்கோ அப்படியே கிடந்து, மல்லாரியின் ஒவ்வொரு சொல்லும் இரண்டு மூன்றாகக் கேட்கிற கொடுமை இந்த வட்டாரத்தில் சர்வ சாதாரணம். தானே எதிரொலிக்கிற மண்டபத்தில் எக்கோவும் சேர்ந்தால் தாளம் எங்கே விழுகிறதென்று தவில்காரருக்கே குழப்பம் வரும்.

பாக்ஸ் வைக்கும் இடம் அடுத்த சங்கதி. பாக்ஸ் எப்போதும் மைக்குக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்க வேண்டும். மேடைக்குப் பின்சுவரில் சாத்திவைத்தால் அதன் ஒலி திரும்ப மைக்கிலேயே விழுந்து 'கூ' என்று கத்தும். தரையில் வைத்தால் முதல் வரிசைக்கு இடி, பின் வரிசைக்கு ஒன்றுமில்லை. ஸ்டாண்டில் ஏற்றி, உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் ட்வீட்டர் தெரிகிற உயரத்தில் வைத்து, லேசாகக் கீழே சாய்த்தால் நியாயமாகப் பரவும். நீளப் பந்தலில் பாதியில் இன்னொரு ஜோடி வைப்பார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உள்ள பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு, மேடை ஒலி பத்தில் ஒரு நொடி தாமதித்து இரண்டாவது தடவையாகக் கேட்கும். ராகத்தைவிட இதில் அடிபடுவது தவில்தான், வேகமாக அடுக்கி வாசிக்கும் ஃபரன்கள் குழம்பிக் கூழாகிவிடும். டிஜிட்டல் மிக்சர் என்றால் பின் பாக்ஸுக்கு 100 மில்லிசெகண்டு டிலே போட்டால் சரியாகும். இல்லாவிட்டால் பின் பாக்ஸின் சத்தத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

'எத்தனை வாட்ஸ் சார்?' என்று பேரம் பேசுவதில் பயனில்லை. வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி மூன்று டெசிபெல்தான் கூடும், காதுக்கு அது சின்ன வித்தியாசம். பந்தலில் தூரம் இரட்டிப்பானால் ஆறு டெசிபெல் குறையும். ஆகவே பின்வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் வாட்டை ஏற்றுவதைவிடப் பாக்ஸைச் சரியான இடத்துக்கு நகர்த்துவது மேல்.

இனி மூன்று தினுசுக்கும் தீர்ப்பு. ட்ராலி ஸ்பீக்கர் காது குத்துக்கும் தெருமுனைக் கூட்டத்துக்கும் சரி. மேளத்துக்கு வேண்டவே வேண்டாம். அதன் ட்வீட்டர் நாகஸ்வரத்தின் மேல் ஸ்தாயியைத் தகரத்தில் ஆணி கீறுகிற ஒலியாக்கிவிடும். லைன் அரே ஆயிரம் பேருக்கு மேல் கூடுகிற திறந்தவெளிக்கு அருமை, முன்னுக்கும் பின்னுக்கும் ஒலி வித்தியாசம் குறைவு. ஆனால் அதை மண்டபத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவது ஆடம்பரம். நடுத்தர செட், கூடத் தொழில் தெரிந்த ஆள், இதுதான் டெல்டாவின் நூற்றுக்குத் தொண்ணூறு விசேஷத்துக்குப் பொருந்தும். பழைய குழாய் ஸ்பீக்கரைச் சிலர் இன்னும் கேட்கிறார்கள். கூம்பு வடிவக் குழாய்க்குப் போலீஸ் அனுமதி கிடைக்காது, பாக்ஸ் வகைக்குத்தான் கொடுப்பார்கள்.

அனுமதி என்றதும் நேரமும் வரும். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய மண்டபத்துக்குள், உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி போடலாம். நாலரை - ஆறு முகூர்த்தம் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாசலில் இரண்டு பாக்ஸைக் கட்டி விடியற்காலையில் தெருவுக்கே கேட்க வைப்பது விதிமீறல். பக்கத்தில் ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ இருந்தால் அதைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி.

கரண்டு விஷயத்தில் வட்டாரத்துச் செட்டுகளுக்கு மதிப்பெண் குறைவுதான். 'ம்ம்ம்' என்று அடியில் ஓடுகிற இரைச்சலுக்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். மிக்சருக்கு மேடையில் ஒரு பிளக், ஆம்புக்கு மண்டபத்தின் மறுகோடியில் இன்னொரு பிளக் என்று எடுத்திருப்பார்கள், இரண்டு எர்த்துக்கும் நடுவே ஹம் ஓடும். இரண்டையும் ஒரே பாயிண்டிலிருந்து எடுத்தால் போய்விடும். அல்லது, மைக்கிலிருந்து மிக்சருக்கு மூன்று பின் எக்ஸ்எல்ஆர் கேபிள் போடாமல் சாதா ஜாக் கேபிளை இருபது மீட்டர் இழுத்திருப்பார்கள், அது சீரியல் லைட் வயரோடு ஒட்டிக் கிடக்கும். ஹம் போக வேண்டுமென்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துச் சொருகுகிறவரை அப்போதே நிறுத்துங்கள். ஈரக் கையோடு மைக் பிடிக்கிற புரோகிதரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது.

ஜெனரேட்டர் 10 கேவிஏ என்றால் கையில் கிடைப்பது சுமார் 8 கிலோவாட். மைக் செட், லைட், வீடியோ விளக்கு, சமையல்கட்டு கிரைண்டர் எல்லாம் அதிலேயே என்றால், கிரைண்டர் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் மேடையில் ஆம்ப் விக்கும். சமையல்கட்டுக்குத் தனி லைன் வேண்டும். எர்த் கம்பியைப் பங்குனி, சித்திரையில் காய்ந்த மணலில் அப்படியே அடித்தால் பிரயோஜனமில்லை. குழியில் உப்பும் தண்ணீரும் ஊற்றி நனைத்துவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரத்துக்குக் குறைவில்லை. அப்போது கேபிள் ஜாயிண்டுகள்தான் தண்ணீரில் கிடக்கும், அவற்றைச் செங்கல் மேல் தூக்கிவைத்து டேப் சுற்ற வேண்டும். கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி போட்ட பெட்டி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லை என்கிற செட்டை விட்டுவிடுவதே நல்லது.

ஊர்வல செட்டுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். 2022 ஏப்ரல் 27 விடியற்காலை தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். மாப்பிள்ளை அழைப்பு வண்டியில் பாக்ஸ் மேல் பாக்ஸ் அடுக்கி, அதன்மேல் எல்இடி வளைவு கட்டுகிறார்கள். போகிற தெருவை முதல் நாள் பகலில் ஒரு நடை நடந்து, கம்பி தாழ்ந்திருக்கும் இடங்களைப் பார்த்து, வளைவின் உயரத்தை அதற்குத் தக்கபடி குறைக்கச் சொல்ல வேண்டும். சாலை சமீபத்தில் போட்டதா என்றும் பாருங்கள். தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்திருக்கும், கம்பி பழைய உயரத்திலேயே இருக்கும்.

வாடகை முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மாறும். தை, வைகாசி, ஆவணி வளர்பிறையில் ஒரே நாளில் நாலு கல்யாணத்துக்கு ஒரே செட்காரர் அட்வான்ஸ் வாங்கியிருப்பார், அன்றைக்கு வருகிற ஆள் புதுப் பையனாக இருக்கலாம். அதனால் அட்வான்ஸ் சீட்டில் தொகையோடு, மிக்சரில் யார் உட்காருவார், மேளத்துக்கு எத்தனை ஸ்டாண்டு மைக், எத்தனை மணிக்குச் செட் கட்டி முடியும், வண்டி வாடகையும் டீசலும் ஆள் பேட்டாவும் சேர்த்தா தனியா என்பதையும் எழுதி வாங்குங்கள். காலை முகூர்த்தம் என்றால் முதல் நாள் மாலை நிச்சயதார்த்தத்துக்கே கட்டி, மேளக்காரர்கள் வந்ததும் கெட்டிமேளம் வைத்துப் பார்த்துவிடலாம். பார்த்து முடித்த பிறகு மைக் ஸ்டாண்டுகளின் காலடியில் சாக்பீஸால் கோடு போட்டுவையுங்கள். விடியற்காலை மேடையைப் பெருக்குகிறவர்கள் அவற்றை நகர்த்தாமல் விடமாட்டார்கள்.