பல் ப்ளீச்சிங்: எழுந்ததும் தெரியும் வெள்ளை, ஒரு வருடம் கழித்து நிற்கும் வெள்ளை

ஜெல் தடவிப் பல்லை வெளுக்கவைப்பதுதான் ப்ளீச்சிங். கிளினிக்கில் அது முடிந்து எழுந்ததும் கண்ணாடியில் தெரியும் நிறத்தை நம்பிவிட வேண்டாம். ஒரு மணி நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்ததில் பல் ஈரம் இழந்திருக்கும். ஈரம் போன பல், உள்ளதைவிட வெளுப்பாகத்தான் தெரியும். எச்சில் ஊறி ஈரம் திரும்பியதும் நிறம் கொஞ்சம் இறங்கும். "அன்றைக்குப் பளிச்சென்று இருந்தது, ஒரே வாரத்தில் மங்கிவிட்டதே" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். உண்மையான நிறம் இரண்டு வாரம் கழித்தே தெரியும். அதுவரை முன்பல்லில் ஃபில்லிங் மாற்றுவதையோ கேப் போடுவதையோ தள்ளிவையுங்கள். நிறம் நிலைக்காததோடு, ப்ளீச் ஜெல்லிலிருந்து வந்து பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்ஸிஜன் புது ஃபில்லிங்கைச் சரியாக ஒட்டவும் விடாது.

ஆரம்ப நிறத்தைக் குறித்துவைக்காமல் உட்காராதீர்கள். பல் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் வைத்திருக்கும் விட்டா ஷேடு கைடில் 16 மாதிரிப் பற்கள் இருக்கும். வெளுப்பு வரிசையில் அடுக்கினால் மிக வெளுப்பான முனையில் பி1, மிக அடர்ந்த முனையில் சி4. பல் ஈரமாக இருக்கும்போதே, ஜன்னல் வெளிச்சத்தில், மாதிரியைப் பல்லோடு சேர்த்துப் பிடித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோரைப்பல் இயல்பிலேயே மற்ற முன்பற்களைவிடக் கறுப்பு. அதற்குத் தனியாகக் குறிக்கவேண்டும். மஞ்சள் சாயலுள்ள பல் நன்றாக வெளுக்கும். சாம்பல் சாயல் மெதுவாகத்தான் அசையும்.

வெற்றிலைக் கறை, டீக் கறை, குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் விடும் பழுப்பு ஆகியவை பல்லின் மேல் படிந்தவை. க்ளீனிங்கிலேயே போய்விடும். அது மட்டுமே போதும் என்ற நிலையில் இருப்பவர்கள் நிறைய. க்ளீனிங் செய்த அன்றே ப்ளீச் செய்தால் ரத்தம் கசியும் ஈறில் ஜெல் படும், ஒரு வாரம் இடைவெளி விடுவது நல்லது. சொத்தை, ஓரம் பிரிந்த ஃபில்லிங், விரிசல் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்யவேண்டும். ஏற்கெனவே இருக்கும் கேப்பும் ஃபில்லிங்கும் துளிகூட வெளுக்காது.

கிளினிக் ஜெல்லில் ஹைட்ரஜன் பெராக்சைடு 25 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். ஒப்பலசென்ஸ் பூஸ்ட் என்ற பிராண்டில் 40, போலா ஆபீஸ் என்ற பிராண்டில் 35. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல் 6 சதவீதத்துக்கு மேல் அனுமதியே இல்லை. அத்தனை வீரியமானதைப் பல்லில் தடவும்போது, ஈறைக் காப்பதில்தான் கைத்திறன் முழுதும் இருக்கிறது. கன்னத்தை விலக்கும் கருவியை மாட்டி, ஈறைக் காற்றால் உலர்த்தி, ஒளிபட்டு இறுகும் ரெசினை ஈறு ஓரமெங்கும் அணை மாதிரி கட்டுவார்கள். பல்லின் மேலும் அது அரை மில்லிமீட்டர் ஏறியிருக்கவேண்டும். வழக்கமாகக் கசிவது இரண்டு பல்லுக்கு நடுவே கூம்பாக நிற்கும் ஈறில்தான். நல்ல டாக்டர் சின்னக் கண்ணாடியைப் பல்லின் கடிநுனிப் பக்கம் பிடித்துப் பார்ப்பார். இளஞ்சிவப்பு ஒரு பொட்டுத் தெரிந்தாலும் அங்கே இன்னொரு சொட்டு வைத்து இறுக்குவார். ஜெல்லை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குள் தடவி 15 அல்லது 20 நிமிடம் விட்டு, இரண்டு மூன்று முறை மாற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் உறிஞ்சுகுழாயால் ஜெல்லை எடுக்கவேண்டும், தண்ணீர் அதற்குப் பிறகுதான். முதலிலேயே தண்ணீர் அடித்தால் ஜெல் சிதறி உதட்டில் படும்.

ஈறில் எரிந்தால் உடனே கையைத் தூக்கிச் சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வதில் எந்தப் பயனும் இல்லை. ஜெல் பட்ட இடம் சுண்ணாம்பு வைத்தாற்போல் வெளுக்கும். நன்றாகக் கழுவி வைட்டமின் ஈ எண்ணெய் தடவினால், லேசான புண் ஓரிரு நாளில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். இதற்காகத்தான் ப்ளீச்சிங்கின்போது மரத்துப்போக ஊசி போடக்கூடாது. போட்டால் எரிவதே தெரியாது. நீல விளக்குக்குத் தனியாகப் பணம் கேட்டால் யோசியுங்கள். வேலையைச் செய்வது பெராக்சைடுதான். விளக்கின் சூடு பல்லை இன்னும் உலர்த்தி, கூச்சத்தையும் கூட்டும்.

கூச்சம் அன்று மாலையே தொடங்கும். குளிர்ந்தது எதுவும் படாமலேயே ஒரு பல்லில் மின்னல் மாதிரி சுரீரென்று வெட்டிவிட்டுப் போகும். பெராக்சைடு பல்லின் மேலோடான எனாமலையும் அதன் அடியிலுள்ள டென்டினையும் கடந்து சில நிமிடங்களிலேயே நரம்புப் பகுதியைத் தொட்டுவிடுவதால் வருவது இது. பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில் அடங்கும். இரண்டு வாரம் முன்பிருந்தே 5 சதவீத பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பேஸ்ட்டில் பல் தேய்த்துவந்தால் வேகம் குறையும். ஒரே பல்லில் நாலைந்து நாள் தாண்டியும் வலித்தால் அங்கே விரிசலோ மறைந்த சொத்தையோ இருக்கலாம், காட்டிவிடுங்கள். முதல் இரண்டு நாள் டீ, காபி, மஞ்சள் தூக்கலான குழம்பு, பீட்ரூட் எல்லாவற்றையும் தள்ளிவைத்துத் தயிர்சாதம், இட்லியோடு ஓட்டுவது பாதுகாப்பு.

ஆறு மாதத்துக்குப் பிறகு வித்தியாசம் காட்டுவது, ஜெல் வைத்துப் பல்லின் மேல் வீட்டில் மாட்டிக்கொள்ளும் உறையான ட்ரேதான். கிளினிக்கில் மட்டும் செய்துகொண்டு நிறுத்தியவர்களுக்கு, அதிலும் டீயும் புகையும் விடாதவர்களுக்கு, வருடத்துக்குள் மஞ்சள் எட்டிப்பார்க்கும். பல் அளவெடுத்து மெல்லிய ட்ரே செய்து, 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இரவில் போடும் முறையை 1989இல் ஹேவுட், ஹெய்மன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அந்த 10 சதவீதம் உடைந்து தருவது சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான். அதனால் மெதுவாக வெளுக்கும், கூச்சமும் குறைவு. நிறம் இறங்கியதும் இரண்டு மூன்று இரவு போட்டால் போதும், மறுபடி நாற்காலிக்குப் போக வேண்டியிருக்காது. முதல் நாளே ட்ரேயும் சேர்த்துக் கேளுங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். பழுப்புத் திட்டு ஓரளவு மங்கும், ஆனால் வெள்ளைத் திட்டு முதல் வாரத்தில் முன்னைவிடத் துருத்தித் தெரியும். அமிலப் பசையால் மேற்பரப்பைத் தேய்த்துவிட்டுப் பிறகு ப்ளீச் செய்யும் டாக்டரைத் தேடுங்கள். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையால் வந்த சாம்பல் பட்டை ஒரே அமர்வில் போகாது, மூன்று முதல் ஆறு மாதம் இரவு ட்ரே வேண்டும். ரூட் கேனால் செய்து கறுத்த ஒற்றைப் பல்லைப் பெரும்பாலும் உள்ளிருந்துதான் வெளுக்கவைப்பார்கள்.

ட்ரேயை வெந்நீரில் கழுவினால் வளைந்து ஓரத்தில் பிடிக்காமல் போகும், பச்சைத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். ஒரு தாடைக்கு ஒரு சிறு ஜெல் சிரிஞ்சில் பாதிக்கும் குறைவே தேவை. ஈறில் வழிந்ததை விரலால் துடைத்துவிடுங்கள். மீதியை ஃபிரிட்ஜில் வைத்து, போடுவதற்கு அரைமணி முன் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். சில்லென்றே போட்டால் பல் கூசும்.