டிரான்ஸ்மிட்டரைக் குறை சொல்லும் முன் வயரைப் பாருங்கள்

சமுதாய வானொலிக்கான 50 வாட் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர்; அதற்கு முன்னால் மிக்ஸர், மைக், லேப்டாப். கிருஷ்ணகிரி வெயிலிலும் கோடை இடியிலும் வருஷக்கணக்கில் ஓடும் இந்த அமைப்பில், பெட்டிக்குள் வந்த பழுதைவிட வயரில் வந்த பழுதுதான் அதிகம்.

பெரிய தொல்லை ஹம், அதாவது ஒலியோடு சேர்ந்து கேட்கும் விடாத உறுமல். கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டுகிற மண்ணில் எர்த் சரியாகப் பிடிக்காது. ஸ்டுடியோவுக்கு ஒரு குழி, டிரான்ஸ்மிட்டர் அறைக்கு இன்னொரு குழி என்றிருந்தால் இரண்டுக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் வந்து, ஆடியோ வயரின் ஷீல்டு (உள்கம்பியைச் சுற்றியுள்ள உலோகப் பின்னல்) வழியாகக் கரன்ட் ஓடும். 50 ஹெர்ட்ஸ் உறுமல் அதுதான். இரண்டு எர்த்தையும் தடித்த செம்புக் கம்பியால் இணையுங்கள். அப்படியும் போகாவிட்டால் லைனில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (இரு பக்கத்தையும் கம்பித் தொடர்பில்லாமல் பிரித்து, ஒலியை மட்டும் கடத்துவது) போட்டு, ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் சேருங்கள். செலவழித்த காசுக்கு உருப்படியான சாமான் இது. சிலர் லேப்டாப் சார்ஜர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடுகிறார்கள். ஹம் நிற்கும், ஷாக் அடிக்கும்.

எக்ஸ்எல்ஆர் என்பது மைக், மிக்ஸர் வயர்களில் வரும் மூன்று பின் கனெக்டர். அதில் பின் 1 ஷீல்டு, 2 பாசிட்டிவ், 3 நெகட்டிவ். லேப்டாப்பின் 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஜாக்கில் இடதை 2-லும் வலதை 3-லும் சால்டர் வைத்தால், பேலன்ஸ்டு இன்புட் (2-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பது) ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடும். ஒரு பக்கமாக ஒலிக்கும் வயலின் கேட்கும், இரண்டிலும் ஒரேபோல் வரும் பாடகர் காணாமல் போவார். இடது, வலதுக்குத் தனித்தனி எக்ஸ்எல்ஆர் வேண்டும். ஒவ்வொன்றிலும் 3-ஐ 1-உடன் சேர்க்க வேண்டும்.

லெவல், அதாவது சிக்னலின் அளவு, அடுத்தது. டிபியு, டிபிவி இரண்டும் அதை அளக்கும் அலகுகள். ஸ்டுடியோ மிக்ஸரின் +4 டிபியு என்பது 1.23 வோல்ட், வீட்டு சிடி பிளேயரின் -10 டிபிவி 0.316 வோல்ட்தான். கிட்டத்தட்ட 12 டெசிபல் குறைவு. இதை மிக்ஸர் கெயினில் சரிக்கட்டுங்கள், டிரான்ஸ்மிட்டர் இன்புட்டைத் திருகாதீர்கள். பீக்கில் டீவியேஷன் (ஒலிக்கேற்ப அலைவரிசை விலகும் அளவு) 75 கிலோஹெர்ட்ஸைத் தாண்டாமல், உச்ச ஒலியை அடக்கும் லிமிட்டர் பிடிக்கட்டும்.

'ச', 'ஸ' எல்லாம் கிழிந்து கேட்டால் ப்ரீஎம்ஃபசிஸ் (ஒளிபரப்பும் முன் கீச்சொலிகளை உயர்த்துவது) இரட்டிப்பாகியிருக்கும். நம் நாட்டில் 50 மைக்ரோசெகண்ட். டிரான்ஸ்மிட்டருக்கு முன்னால் ஒலியைச் சீராக்கும் ப்ராசஸரில் அதைப் போட்டால் டிரான்ஸ்மிட்டரில் அணைக்க வேண்டும்.

டிரான்ஸ்மிட்டர் போட்டதும் மட்டும் வயரில் இரைச்சல் வந்தால் ஆர்எஃப், அதாவது ஆன்டெனாவின் ரேடியோ அலை, புகுந்திருக்கிறது. ஆடியோ வயரை ஆன்டெனா கேபிளை விட்டு விலக்குங்கள், இன்புட் அருகே அந்த அலையைத் தடுக்கும் ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தை மாட்டுங்கள். வளையம் மாட்டும்போது பவரை அணையுங்கள். ஆன்டெனா கழன்ற நிலையில் மறுபடி போட்டால் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடலாம்.