இடுப்பு மூட்டு மாற்றிய பெரியவர்களுக்கு 4 அங்குல கமோடு ரைசர்: எதை வாங்கலாம்?

கோவை, ஈரோடு பக்கம் சர்ஜிகல் கடைகளில் ரைசர், அதாவது கமோடின் இருக்கையை உயர்த்தும் சாதனம், பெரும்பாலும் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, கமோடின் மேல் சும்மா உட்காரும் பிளாஸ்டிக் வளையம். அது வேண்டவே வேண்டாம். மூட்டு மாற்றியவர்கள் நல்ல காலில் பாரத்தைப் போட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் எழுவார்கள். வளையம் அப்படியே நழுவும். இன்னொன்று, முன்பக்கத் திருகால் இறுக்குவது. கைப்பிடியோடு வரும் அந்த ரகம்தான் காசுக்குத் தகும்.

உயரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கை அமைய வேண்டும். கமோடு 16 அங்குலம் என்றால் ரைசரோடு 20. மடிப்பு 18 அங்குலம் இருக்கும் அப்பாருக்கு அது சரி. 16 அங்குலமே இருக்கும் அம்மிச்சிக்குப் பாதம் தரையில் படியாது. அவருக்கு 2 அங்குல ரைசர் போதும். இருக்கை தாழ்வாக இருந்து, முதல் மூன்று மாதம் இடுப்பு 90 பாகைக்கு மேல் மடங்கினால், பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷனில் பந்து கிண்ணத்தை விட்டு நழுவிவிடலாம்.

மூன்று மாதத்தோடு இதைக் கழற்றிப் பரணில் போட்டுவிடாதீர்கள். ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளை வைத்து 2019-ல் வெளிவந்த ஆய்வின்படி, 25 ஆண்டு கழித்தும் 100-க்கு 58 மூட்டுகள் மாற்றாமலே ஓடுகின்றன. எழுபது வயதில் வைத்த மூட்டு பெரும்பாலும் ஆயுசுக்கும் வரும். ஆனால் பாத்ரூமில் ஒருமுறை விழுந்து, தொடை எலும்புக்குள் இறக்கிய செயற்கை மூட்டின் தண்டைச் சுற்றி எலும்பு உடைந்தால், அது முதல் ஆபரேஷனைவிடப் பெரிய வேலை.

குறைகளும் உண்டு. நம்மூர் போர் தண்ணியின் உப்பு திருகில் படிந்து, இறுகியது போலவே காட்டும்; ஆட்டிப் பார்த்தால் ஆடும். வாரம் ஒருமுறை கழற்றி, வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து மாட்டுங்கள். இரும்புத் திருகு துருப்பிடிக்கும், எவர்சில்வர் கேளுங்கள். வட்ட ரைசர் நீள்வட்டக் கமோடில் பொருந்தாது. அட்டையில் வடிவத்தை வெட்டிக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஹெல்த் பாசெட் முதுகுக்குப் பின்னால் இருந்தால், இடுப்பை முறுக்காமல் எட்டும்படி பக்கவாட்டில் முன்னே மாற்றுங்கள். வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, அது கவிழும்.

தோட்டத்து வீடுகளில் வெளியே இருக்கும் இந்தியக் கக்கூசுக்கு இந்த ரைசர் உதவாது. நாலு காலும் உயரம் மாற்றக்கூடிய கமோடு நாற்காலியைப் பீங்கானுக்கு மேலே போடலாம். கால் ரப்பர் புஷ் தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். ராத்திரிக்கு அதையே வாளியோடு கட்டிலருகில் வையுங்கள்.